வீட்டைப் பிள்ளைகளுக்கு எழுதிவைக்கும் முன்: உயிலா, செட்டில்மெண்டா?

தமிழ்நாட்டில் பெற்றோர் தம் வீட்டைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க நினைக்கும்போது, பெரும்பாலும் உயில், செட்டில்மெண்ட் (உயிரோடு இருக்கும்போதே சொத்தை எழுதிக்கொடுக்கும் பத்திரம்) ஆகிய இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார்கள். உயில் எழுதியவரின் மறைவுக்குப் பிறகே நடைமுறைக்கு வரும். அதுவரை அவர் அதை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். செட்டில்மெண்ட் பத்திரம் பதிவாகி, பெற்றவர் அதை ஏற்றுக்கொண்டுவிட்டால், மனம் மாறியது என்பதற்காகக் கொடுத்தவர் தாமாக அதை ரத்து செய்ய இயலாது. வேறு வலுவான காரணம் இல்லாத நிலையில், உயிலே பெற்றோருக்குப் பாதுகாப்பானது என்பது என் கருத்து.

முதலில் மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா ஆகியவற்றை எடுத்துவைத்துக்கொண்டு, சொத்து சுயசம்பாத்தியமா, பூர்வீகமா என்று பார்க்க வேண்டும். இந்துக் குடும்பத்தின் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு உண்டு. தமிழ்நாடு 1989-இலும் மத்திய அரசு 2005-இலும் இதற்காகச் சட்டத்தைத் திருத்தின. ஆகவே அத்தகைய சொத்தில் தந்தை தம் பங்கை மட்டுமே உயிலாக எழுத முடியும். இஸ்லாமியர், வாரிசுகளின் சம்மதம் இன்றி மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுத இயலாது.

உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை, வெள்ளைத்தாளே போதும், பதிவும் கட்டாயமில்லை. ஆனால் குறைந்தது இரண்டு சாட்சிகள் கையொப்பமிட வேண்டும் என்பதில் தளர்வு கிடையாது. பிற்காலத்தில் உயிலை நீதிமன்றத்தில் நிரூபிக்க நேர்ந்தால் அவர்களில் ஒருவரையாவது விசாரிக்க வேண்டியிருக்கும் என்பதால், எழுதுபவரைவிட வயதில் இளையவர்களாகவும் சொத்தில் பங்கு பெறாதவர்களாகவும் பார்த்துத் தேர்ந்தெடுப்பது நல்லது. முதுமையிலோ நோயிலோ எழுதும்போது, தெளிந்த மனநிலையில் இருப்பதாக மருத்துவரிடம் சான்று பெற்றுக்கொள்ளலாம். பதிவு செய்தால், எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அவரோ அவருடைய அதிகாரம் பெற்றவரோ அன்றி வேறு எவரும் அதன் நகலைப் பெற முடியாது. நடமாட முடியாதவருக்காகச் சார்பதிவாளர் வீட்டுக்கே வரவும் சட்டத்தில் வழியுண்டு. பதிவு செய்த உயிலைப் பின்னாளில் எழுதிய பதிவு செய்யாத உயிலும் செல்லாததாக்கிவிடும் என்பது பலருக்கும் வியப்பளிக்கும் செய்தி.

மகனோ மகளோ வீட்டின் மீது கடன் வாங்க வேண்டியிருப்பது போன்ற காரணங்களால் சிலர் செட்டில்மெண்டைத் தேர்ந்தெடுக்கிறார்கள். குடும்பத்தினருக்கு இடையிலான செட்டில்மெண்டுக்கு முத்திரைத் தீர்வை 1 சதவீதம்தான்; 2023 ஜூலையில் அதன் உச்சவரம்பு 25,000 ரூபாயிலிருந்து 40,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. செலவு குறைவு என்ற ஒன்றை மட்டும் பார்த்து அவசரப்படக் கூடாது. பத்திரத்தில் இரண்டு செய்திகள் தெளிவாக இடம்பெற வேண்டும்: கொடுப்பவரும் அவருடைய துணைவரும் ஆயுள் உள்ளவரை அந்த வீட்டில் குடியிருக்கவும் வாடகையை அனுபவிக்கவும் உள்ள உரிமை ஒன்று, உணவு, மருத்துவம், பராமரிப்பு ஆகியவற்றைப் பெறுபவர் அளிக்க வேண்டும், தவறினால் ஆவணம் ரத்தாகும் என்ற நிபந்தனை மற்றொன்று.

இந்த நிபந்தனைக்கு உயிர் கொடுப்பது 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு. 60 வயது கடந்தவர் பராமரிப்பு நிபந்தனையுடன் கொடுத்த சொத்தைப் பெற்றவர் கைவிட்டால், அந்த ஆவணம் செல்லாது என்று தீர்ப்பாயம் அறிவிக்கலாம். நிபந்தனை இருந்ததாக நிறுவப்பட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022 டிசம்பரில் கூறியது. 2025 ஜனவரியில் மற்றொரு வழக்கில், இச்சட்டத்தை முதியோருக்கு ஆதரவாகவே பொருள்கொள்ள வேண்டும் என்றது. ‘அன்பினாலும் பாசத்தினாலும்’ என்ற வழக்கமான வாசகத்தை மட்டும் நம்பி வாதாடுவதைவிட, நிபந்தனையை வெளிப்படையாக எழுதிவிடுவது எளிது.

வங்கிக் கணக்கில் நியமனதாரராக (நாமினி) இருப்பவர் அந்தப் பணத்தைப் பெற்றுக்கொள்பவரே தவிர, அதனாலேயே உரிமையாளர் ஆகிவிடுவதில்லை என்பதால், வைப்புத்தொகை யாருக்கு என்பதையும் உயிலில் குறிப்பிட வேண்டும்.

கைவிடப்பட்ட பெற்றோர், மேலே சொன்ன தீர்ப்பாயத்துக்குத் தலைமை வகிக்கும் வருவாய்க் கோட்டாட்சியரிடம் மனு அளிக்கலாம். தாமே எழுத இயலாதவர் சார்பில் வேறொருவர் அளிக்கவும் சட்டம் இடம் தருகிறது. மனுவுடன் செட்டில்மெண்ட் பத்திரத்தின் நகல், வயதுச் சான்று, மருத்துவச் செலவு ரசீதுகள் ஆகியவற்றை இணைக்க வேண்டும். மனு தள்ளுபடியானால் 60 நாட்களுக்குள் மாவட்ட ஆட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம்.