எடிட்டிங் கம்ப்யூட்டருக்கு இரண்டு பிராசஸர் வேண்டுமா?

கீழக்கரை நிக்காஹ், ராமேஸ்வரம் தேரோட்டம் என்று ஓயாமல் எடிட்டிங் நடக்கும் ஸ்டூடியோக்களை, இரண்டு ஜியான் (இன்டெலின் சர்வர் வகை) பிராசஸர் பூட்டிய செகண்ட் ஹேண்ட் கம்ப்யூட்டர்கள் விலையைக் காட்டி இழுக்கின்றன. 28 கோர் (பிராசஸருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதி) என்றதும் ஆசை வரும். பணம் கொடுக்குமுன் இப்போதிருக்கும் கம்ப்யூட்டரில் ஒரு சோதனை செய்யுங்கள்.

டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், அதில் சிபியூ, அதாவது பிராசஸர். வரைபடத்தின் மேல் ரைட் கிளிக் செய்து லாஜிக்கல் பிராசஸர் வாரியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பிறகு வழக்கமாக இழுத்தடிக்கும் வேலையை ஓடவிடுங்கள். எல்லாக் கட்டமும் நிரம்பினால்தான் கூடுதல் கோர் உதவும். ஒன்றிரண்டு மட்டும் உச்சத்தில் நின்றால் தேவை ஒரு கோரின் வேகம்.

ஆல்பம் டிசைன் செய்யும் ஃபோட்டோஷாப் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகைதான். 28 கோர் தரும் ஜோடியில் உள்ள ஜியான் ஈ5-2680 வி4 பிராசஸரின் உச்ச வேகம் 3.3 கிகாஹெர்ட்ஸ், இரண்டு போட்டாலும் அது 6.6 ஆகாது. கோர் ஐ7-14700 ஒற்றைப் பிராசஸரிலேயே 20 கோர், 5.4 கிகாஹெர்ட்ஸ்.

வீடியோவில் சிக்கல் வேறு. இன்றைய கேமராக்கள் தரும் ஹெச்இவிசி 10-பிட் 4:2:2 (நிறத் தகவல் அதிகமுள்ள, சுருக்கிய வீடியோ) கோப்பைப் பிரிக்கப் பல கிராஃபிக்ஸ் கார்டுகளுக்கு வழியில்லை. இன்டெல் 11-ஆம் தலைமுறை முதல் உள்ளமைந்த கிராஃபிக்ஸே அதைச் செய்கிறது. பெயர் ‘எஃப்’ என்று முடியும் மாடலில் அந்த கிராஃபிக்ஸ் கிடையாது, வாங்காதீர்கள். அந்தப் பழைய ஜியானிலும் கிடையாது; 28 கோர் இருந்தும் டைம்லைன் திக்குவது இதனால்தான்.

3டி மென்பொருளான பிளெண்டரின் சைக்கிள்ஸில் சிபியூ ரெண்டர் செய்வோருக்கு மட்டும் இரண்டாவது பிராசஸர் ஏறக்குறைய முழுப் பலன் தரும். அங்கும் நல்ல கிராஃபிக்ஸ் கார்டு முந்திவிடும்.

இரட்டைப் பிராசஸர் கம்ப்யூட்டரை ஏற்கெனவே வாங்கியிருந்தால் மெமரியை இரு பிராசஸர் பக்கமும் சமமாகப் போடுங்கள்: பக்கத்துக்கு நான்கு, மொத்தம் எட்டு, ஒவ்வொன்றும் 8 ஜிபி. ஒரே பக்கம் போட்டால் மற்ற பிராசஸர் ஒவ்வொரு முறையும் அடுத்தவர் வீட்டுக்குப் போய்த்தான் எடுக்க வேண்டும். பாதி கோர் காணவில்லையா? விண்டோஸ் ஹோம் ஒரு பிராசஸரைத்தான் ஏற்கும், புரோ போடுங்கள். இரண்டாவது பிராசஸருக்குத் தனியாக வரும் 8-பின் மின்இணைப்பையும் பாருங்கள்.

இந்த ஜியான் பிராசஸர் இரண்டும் சேர்ந்து 240 வாட். கிராஃபிக்ஸ் கார்டு, மானிட்டரோடு 450-ஐத் தொடும். 600 விஏ யூபிஎஸ் தருவது சுமார் 360 வாட்தான். ரெண்டர் நடுவே கரண்ட் போனால் கம்ப்யூட்டரும் அணையும். 1 கேவிஏ வையுங்கள்.

பாம்பன், மண்டபம் பக்கம் கடலைப் பார்த்த ஜன்னலோரத்தில் எந்தக் கம்ப்யூட்டரும் வேண்டாம். ஃபேன் உப்புக்காற்றை உள்ளிழுக்கும், மெமரியின் முனைகள் மங்கும், ஒருநாள் திரை வராது. எட்டு மெமரி என்றால் பழுதாக எட்டு இடம். வயரைப் பிடுங்கிவிட்டு மெமரியைக் கழற்றி, நூல் பிரியாத துணியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டு முனைகளைத் துடைத்து, காய்ந்தபின் ‘க்ளிக்’ கேட்கும்வரை அழுத்திப் பொருத்துங்கள்.