கோல்ஃப் கார்ட்ல வயர் சூடாகுதா? கேபிளை மாத்தறதுக்கு முன்னாடி இந்தத் தப்புகளைப் பண்ணாதீங்க

வண்டியை நிறுத்திட்டு சீட்டைத் தூக்கினா பொசுங்கின பிளாஸ்டிக் வாடை, கேபிள் மேல கைய வச்சா சுரீர்னு சுடுது, இதைப் பார்த்ததும் முக்கால்வாசி பேர் எடுக்கிற முடிவு என்னன்னா வயர் மெல்லிசு போல, தடிமனா வாங்கிப் போட்டுடலாம்ங்கிறதுதான். நானும் முதல்ல அதைத்தான் செஞ்சேன், ஆறு பேட்டரிக்கும் நடுவுல இருந்த கேபிள் மொத்தத்தையும் மாத்தினேன், ரெண்டே வாரத்துல அதே மூலையில அதே வாடை வந்துச்சு. கோளாறு கேபிள்லயே இல்ல, நாலாவது பேட்டரியோட ஒரு டெர்மினல்ல இருந்துச்சு.

இதுல ஒரு விஷயம் புரிஞ்சுட்டா பாதி வேலை முடிஞ்சுது. 36 வோல்ட்டோ 48 வோல்ட்டோ, ஈய பேட்டரி எல்லாம் சீரீஸ்ல ஒண்ணோட ஒண்ணு கோத்துதான் இருக்கும், அதனால எல்லா இணைப்பு கேபிள்லயும் ஓடுறது ஒரே அளவு கரண்ட்தான். ஒரே சைஸ் கேபிள் அத்தனையும் ஒரே மாதிரி வெதுவெதுப்பா இருக்க வேண்டிய இடத்துல ஒண்ணு மட்டும் கொதிக்குதுன்னா அந்த இடத்துல ரெசிஸ்டன்ஸ் ஏறியிருக்கு, அதாவது ஜாயிண்ட் லூஸ், இல்ல பச்சை பூத்துப் போச்சு, இல்ல லக் (கேபிள் முனையில இருக்கிற ஓட்டை போட்ட உலோகத் துண்டு) சரியா கிரிம்ப் ஆகல, அதாவது கேபிளோட அழுத்தமா நசுக்கிப் பிடிக்கல. எல்லா கேபிளும் சேர்ந்தாப்ல சமமா சூடாகுதுன்னா கதையே வேற, வண்டி அளவுக்கு மீறி கரண்ட் இழுக்குது, இல்ல கேபிள் நிஜமாவே பத்தல. இந்த ரெண்டையும் பிரிச்சுப் பார்க்காம பார்ட்ஸ் வாங்க ஓடுறதுதான் முதல் தப்பு, செலவும் இதுலதான் அதிகம்.

அடுத்தது, பின் சக்கரத்தை ஜாக்கி போட்டுத் தூக்கி காத்துல சுத்த விட்டு செக் பண்றது. லோடு இல்லாம சுத்துற மோட்டார் இழுக்கிற கரண்ட் ரொம்பக் கம்மி, கெட்டுப்போன ஜாயிண்ட் கூட அப்ப சில்லுனுதான் இருக்கும். அதை விட, பழைய வண்டிகள்ல இருக்கிற சீரீஸ்ங்கிற வகை மோட்டாரை லோடு இல்லாம முழு வேகத்துல விட்டா கட்டுக்கடங்காம வேகம் ஏறி மோட்டாரே சிதறலாம், தயவுசெஞ்சு அப்படிப் பண்ணாதீங்க. சமதளத்துல 50, 60 ஆம்ப் இழுக்கிற வண்டி மேடு ஏறும்போது 200 தாண்டிடும், அதனால ஒரு நல்ல மேடு ஏத்தி இறக்கிட்டு உடனே பாருங்க. அரை மணி நேரம் ஆற விட்டுட்டுப் பார்த்தா ஒண்ணும் தெரியாது.

மல்டிமீட்டரை பீப் மோடுல வச்சு கேபிளை செக் பண்ணிட்டு ஓகேன்னு விட்டுடறாங்க, இது ரொம்ப சகஜம். கேபிளுக்குள்ள ஒரே ஒரு செம்பு இழை மிச்சம் இருந்தாலும் பீப் அடிக்கும்ங்க, ஆனா 200 ஆம்ப்பை அந்த ஒரு இழை தாங்குமா? டிசி வோல்ட்ல வச்சு ஒரு முனையை பேட்டரியோட ஈயக் கம்பத்து மேலேயே வைங்க, நட்டு மேல இல்ல, இன்னொரு முனை கேபிளோட லக் மேல. ரெண்டையும் கிளிப் போட்டு ஒழுங்கா பிடிக்க வச்சுட்டு வேற ஒருத்தரை மேடு ஏத்தச் சொல்லி மீட்டரைப் பாருங்க. நல்ல ஜாயிண்ட்ல கிட்டத்தட்ட ஒண்ணுமே காட்டாது. என் வண்டியில 0.2 வோல்ட் காட்டுச்சு, கேட்க சின்னதாத்தான் இருக்கும், ஆனா 200 ஆம்ப் ஓடும்போது அது 40 வாட், ஒரு சால்டரிங் அயர்னை அந்த நட்டுக்கு அடியில ஆன் பண்ணி வச்ச மாதிரி. சூடானா ஜாயிண்ட் இன்னும் கெடும், செம்போட ரெசிஸ்டன்ஸும் 50 டிகிரி ஏறினா சுமார் 20 சதவீதம் கூடும், அதனால இது தானா சரியாகாது, நாளுக்கு நாள் மோசமாகத்தான் போகும்.

அந்த டெர்மினலைக் கழட்டிப் பார்த்தப்ப லக்குக்கும் ஈயத்துக்கும் நடுவுல ஒரு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வாஷர் இருந்துச்சு, யாரோ பலமா இருக்கட்டும்னு போட்டிருக்காங்க. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கரண்ட்டைக் கடத்துறதுல செம்பு பக்கத்துலயே வராது. லக் நேரா ஈயத்து மேல உட்காரணும், வாஷர் லக்குக்கு மேலதான் வரணும். லூஸா இருக்குன்னு பலம் கொண்ட மட்டும் முறுக்கறதும் தப்பு, ஈயம் மெத்துனு இருக்கிற உலோகம், நசுங்கும், உள்ள கனெக்ஷனே விட்டுப்போகும், பேட்டரி கம்பெனி சொல்ற அளவுக்கு டார்க் ரென்ச் (எவ்வளவு இறுக்கம்னு அளவு வச்சு முறுக்குற ஸ்பேனர்) வச்சு இறுக்குங்க. மோட்டார் டெர்மினல்ல இன்னும் கவனம் வேணும், கீழ் நட்டை ஒரு ஸ்பேனரால பிடிச்சுக்கிட்டுத்தான் மேல் நட்டைத் திருப்பணும், இல்லேன்னா நட்டு மாட்டியிருக்கிற ஸ்டட்டே (மரை போட்ட கம்பி) சுத்தி உள்ள இருக்கிற வயர் கட் ஆயிடும்.

உருகின இன்சுலேஷன் மேல டேப் சுத்தறது, பியூஸ் போகுதுன்னு பெரிய பியூஸ் போடறது, இந்த ரெண்டும் தீப்பிடிக்கறதுக்கு வழி. ஒரு தடவை வெந்த கேபிளை முனையில கொஞ்சம் வெட்டிப் பாருங்க, இழை பளபளன்னு இல்லாம கருப்பாவோ பச்சையாவோ இருந்தா கேபிளையே தூக்கிப் போடுங்க. புதுசு வாங்கும்போது அலுமினியத்து மேல செம்பு பூசினது வேண்டாம், அதே தடிமன்ல செம்பு அளவுக்கு அது கரண்ட் தாங்காது. லக்கை சுத்தியால அடிச்சு நசுக்காம ஒழுங்கான கிரிம்பிங் டூல் வச்சு அழுத்தணும்.

எல்லா கேபிளும் சமமா சூடானா சக்கரத்தைப் பாருங்க. வண்டியைக் கையால தள்ளினா லேசா உருளணும், உருளலேன்னா பிரேக் பிடிச்சுக்கிட்டே ஓடுது. டயர்ல காத்து கம்மி, அளவுக்கு மேல ஆள், பெரிய கன்ட்ரோலர் (மோட்டாருக்குப் போற கரண்ட்டைக் கட்டுப்படுத்துற பெட்டி) போட்டுட்டு பழைய மெல்லிசான 6 கேஜ் கேபிளையே விட்டது, இதெல்லாமும் காரணம்தான். பேட்டரி பக்கம் எல்லாம் நல்லா இருந்தும் வாடை வந்தா சொலினாய்டோட (மோட்டாருக்குப் போற கரண்ட்டை ஆன் ஆஃப் பண்ற பெரிய சுவிட்ச்) ரெண்டு பெரிய டெர்மினலுக்கும் நடுவுல, வண்டி ஓடும்போதே அதே வோல்ட் டெஸ்ட் பண்ணுங்க, அதிகமா காட்டினா உள்ள காண்டாக்ட் கருகியிருக்கும். பழைய வண்டின்னா முன்னாடி பின்னாடி போக மாத்துற ஃபார்வர்ட் ரிவர்ஸ் சுவிட்சையும் விடாதீங்க.

இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் வச்சிருக்கிறவங்களுக்கு ஒண்ணு, பளபளப்பான உலோகத்து மேல அது சூட்டைக் குறைச்சுத்தான் காட்டும், ஒரு துண்டு கருப்பு டேப் ஒட்டி அது மேல பாருங்க.

கை வைக்கறதுக்கு முன்னாடி மோதிரம், வளையல், வாட்ச் எல்லாத்தையும் கழட்டிடுங்க, ஸ்பேனர் ரெண்டு டெர்மினலையும் ஒண்ணா தொட்டா பொறி பறக்கும், நடுவுல மோதிரம் மாட்டினா விரலே போயிடும். சாவியை ஆஃப் பண்ணி, டோ சுவிட்ச் (வண்டியை இழுத்துட்டுப் போகும்போது போடுற சுவிட்ச்) இருந்தா அதை டோ பக்கம் தள்ளி, மெயின் நெகட்டிவ் கேபிளைக் கழட்டிட்டு அப்புறம் வேலையைத் தொடங்குங்க. சார்ஜ் ஏறி முடிஞ்ச சூட்டோட இதைப் பண்ணாதீங்க, ஈய பேட்டரியில இருந்து வர்ற ஹைட்ரஜன் காத்துல 4 சதவீதம் சேர்ந்தாலே ஒரு பொறி போதும் வெடிக்க. டெர்மினல்ல பூத்திருக்கிறதை சமையல் சோடா கரைச்ச தண்ணியால கழுவலாம், ஆனா பேட்டரி மூடி எல்லாம் இறுக்கமா மூடியிருக்கணும், சோடா உள்ள போனா ஆசிட் கெட்டுடும்.

நான் அந்த வாஷரை எடுத்துட்டு, ஈயத்தை பிரஷ் போட்டு பளிச்சுனு ஆக்கி, லக்கை நேரா உட்கார வச்சு இறுக்கினேன். அதே மேடு, அதே ரெண்டு பேர் வண்டியில, மீட்டர்ல 0.2 இருந்த இடத்துல 0.01.