வாசனை நெல்லுக்கு மூக்கு முதலில், தராசு கடைசியில்

கிராஸ் போட, அதாவது இரண்டு நெல் ரகங்களைச் சேர்த்துப் புது ரகம் எடுக்க, கற்றுக்கொள்ள வருகிற பிள்ளைகள் வயலில் இறங்கியதும் விளைச்சலைக் கணிக்கத் தூரை, அதாவது செடியின் அடியில் கிளைக்கும் தண்டுகளை, எண்ணப் போய்விடுவார்கள். வாசனை நெல்லில் அந்த வேலை அப்புறம்தான்.

சீரகச் சம்பாவையே எடுத்துக்கொள்வோம். மணத்துக்குக் குறைவில்லை; ஆனால் உயரம், ஐப்பசி மழைக்கு அப்படியே படுத்துவிடும். அதனால்தான் குட்டை ரகமான ஏடிடீ 43-ஐ அதோடு சேர்த்து, 2019-ல் விஜிடி 1 என்ற ரகம் வந்தது.

கிராஸ் போடுவது கைப்பழக்கம். சாயங்காலம் தாய்க் கதிரில் பூக்களின் நுனியை மூன்றில் ஒரு பங்கு வெட்டி, ஒவ்வொன்றிலும் ஆறு மகரந்தப் பைகளையும் எடுத்துவிட்டு உறை போடுங்கள். மறுநாள் காலை தகப்பன் பூ விரிந்ததும் அதன் மகரந்தத்தைத் தாய்க் கதிர் மேல் உதறுங்கள்.

முதல் தலைமுறைச் செடி மணக்காது. பயந்து பிடுங்கிப் போடாதீர்கள். எட்டாவது குரோமோசோமில் உள்ள ஒரு மரபணு செயலிழந்தால்தான் மணப்பொருள் சேரும். தாய் வழி, தகப்பன் வழி இரண்டு பிரதியும் செயலிழந்திருக்க வேண்டும். இரண்டாம் தலைமுறையில் ஏறத்தாழ நாலுக்கு ஒரு செடி மணக்கும். அதன் விதையில் மணம் நிலைத்துவிடும். விளைச்சல் அப்படியில்லை: பக்கத்துக் குத்து, அதாவது பக்கத்தில் நட்ட நாற்று, செத்துப்போனாலே ஒரு செடி இரு மடங்கு தூர் கட்டி உங்களை ஏமாற்றும்.

மூக்குச் சோதனை இதுதான். 100 மில்லி தண்ணீரில் 1.7 கிராம் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, கையுறை அவசியம். தூர் கட்டும் பருவத்தில் 2 கிராம் இலையைப் பொடியாக நறுக்கி, செடிக்கு ஒரு குப்பியாக 10 மில்லி கரைசலில் மூடி வையுங்கள். பத்து நிமிடம் கழித்து ஒவ்வொன்றாகத் திறந்து மோந்து பாருங்கள். தலையில் மல்லிகையோ வாயில் வெற்றிலையோ இருந்தால் அன்றைக்கு நீங்கள் கணக்கு எழுதுங்கள், வேறொருவர் மோக்கட்டும். மூக்கு சீக்கிரம் களைத்துவிடும். அவ்வப்போது வெளியே போய்க் காற்று வாங்குங்கள். குப்பிகளுக்கு நடுவே சீரகச் சம்பாவையும் ஏடிடீ 43-ஐயும் எண் மட்டும் போட்டு ஒளித்து வையுங்கள். மோப்பவர் அவற்றைத் தப்பாகச் சொன்னால் அந்த வரிசை முழுவதும் மறுபடி.

அடுத்த தலைமுறைகளில் சாய்வது, நாள் இழுப்பது, அரிசி தடிப்பது எல்லாம் கழியட்டும். குணம் நிலைத்த பிறகுதான் தராசு: பல பாத்திகளில் திரும்பத் திரும்ப நட்டு, ஓரக் குத்துகளை விட்டுவிட்டு அறுத்து, 14 சதவீத ஈரத்தில் எடை போடுங்கள். இரண்டு பெற்றோரும் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

எடையில் தேறினாலும் அரைத்தால் நொறுங்குவது வேண்டாம். வேகும் விதமும் பார்க்க வேண்டும்: தீட்டிய ஆறு அரிசியை அதே 1.7 சதவீதக் கரைசலில், 30 டிகிரியில், 23 மணி நேரம் வையுங்கள். அப்படியே கிடந்தால் வேக நேரமாகும்; முழுக்கக் கரைந்தால் சீக்கிரம் வெந்துவிடும். பிரியாணிக்கு எனக்கு நடுத்தரம்தான் பிடிக்கும்.

சமைத்துப் பார்க்க வைக்கும் நெல்லை நிழலில் உலர்த்துங்கள், சூடேறினால் மணம் போய்விடும். பிரியாணி மாஸ்டரிடம் பெயர் சொல்லாமல் எண் போட்டுக் கொடுங்கள், சீரகச் சம்பாவும் அதில் ஒரு எண்ணாக இருக்கட்டும். அதைவிட மட்டம் என்று அவர் ஒதுக்குவதை, எத்தனை மூட்டை கண்டாலும், வாசனை ரகம் என்று வெளியே விடாதீர்கள்.