சாந்தோம் சர்ச்சுக்குப் போறீங்களா? ஹோட்டல்காரங்க குடுக்குற அந்த 20 நிமிஷத்தை நம்பாதீங்க

போன டிசம்பர்ல அம்மாவோட வெளிநாட்டுல இருந்து சென்னை போயிருந்தேன். அம்மாவுக்கு முழங்கால் வலி, சொந்தக்காரங்க வீட்ல மாடி ஏறி இறங்க முடியாது, அதனால இந்த தடவை காசு போனா போகுதுன்னு ஒரு பெரிய ஃபைவ் ஸ்டார் ஹோட்டல்ல ரூம் போட்டோம். பேர் வேணாம், படிக்கறப்பவே ஏன்னு புரியும். அம்மா கேட்டது ஒண்ணே ஒண்ணு தான், "தோமையார் கல்லறைல உக்காந்து ஒரு ஜெபமாலை முழுசா சொல்லணும்டா". இயேசுவோட சீடர் தோமாவோட அந்தக் கல்லறை சாந்தோம் சர்ச்சுல தான் இருக்கு. அது ரெண்டாவது தடவை போனப்ப தான் நடந்தது. முதல் தடவை ஏன் சொதப்புச்சுன்னு சொன்னா உங்களுக்கு உதவும்.

ஹோட்டல்ல டூர் டெஸ்க்னு ஒண்ணு இருக்கும். அவங்க போட்ட பிளான்ல மியூசியம், கோட்டை, பீச், கபாலி கோயில், சாந்தோம் எல்லாம் ஒரே நாள்ல. சர்ச்சுக்கு நேரம் 20 நிமிஷம். டிரைவர் தம்பி நல்ல பையன், ஆனா அவனுக்கு அடுத்த இடத்துக்கு ஓடணும். நாங்க உள்ள போனோம், ஒரு கல்யாணப் பூசை நடந்துட்டு இருந்தது, பின்னாடி பெஞ்சுல அஞ்சு நிமிஷம் உக்காந்தோம், ஃபோன் வந்துடுச்சு. கல்லறைக்குத் தனி வாசல் இருக்குன்னே எங்களுக்குத் தெரியல. வண்டில அம்மா ஒரு வார்த்தை பேசல.

அதனால முதல்ல இதைத் தெரிஞ்சுக்கோங்க: கல்லறை சர்ச்சுக்குள்ள தேடற இடம் இல்ல. கட்டடத்தைச் சுத்தி பின்பக்கம் போகணும், அங்க தனி வாசல், கீழ இறங்குனா கல்லறைச் சிற்றாலயம். மேல கல்யாணம் நடந்தாலும் பூசை நடந்தாலும் அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல, நீங்க பாட்டுக்கு கீழ போய் உக்காரலாம். படி இருக்கு, முழங்கால் பிரச்சனைன்னா கூட ஒருத்தர் கை பிடிச்சுக்கணும். பக்கத்துலயே சின்ன மியூசியமும் இருக்கு. வெளில நின்னு அண்ணாந்து பாத்தீங்கன்னா முன்னாடி இருக்குற 155 அடி கோபுரம் தவிர நடுவுல இன்னொரு சின்ன கோபுரம் தெரியும், பல பேர் அதை அழகுக்குன்னு நினைச்சுட்டுப் போயிடுவாங்க, அது கல்லறை இருக்குற இடத்தைக் காட்டத்தான் வச்சிருக்காங்க.

கீழ சத்தமே இருக்காது. பலிபீடத்துக்குக் கீழ தோமையார் படுத்திருக்குற மாதிரி சொரூபம். நாங்க போனப்ப எங்களுக்கு முன்னாடி ஒரு அம்மா மீன் கூடை சுமக்குற சும்மாட்டுத் துணியை மடில வச்சுக்கிட்டு கண்ணை மூடி உக்காந்திருந்தாங்க, வேலை முடிச்சு நேரா வந்திருப்பாங்க போல. ஃபோட்டோ எடுக்கலாமான்னு அங்க இருக்குறவங்ககிட்ட கேட்டுட்டு எடுங்க, எடுக்காம இருந்தா இன்னும் நல்லது.

இப்ப கொஞ்சம் வரலாறு, பசங்க கேட்டா சொல்ல வசதியா இருக்கும். இயேசுவோட சீடர் தோமா கி.பி. 52ல கேரளாவுக்கு வந்து, 72ல இங்க பரங்கிமலைல குத்திக் கொல்லப்பட்டார்ங்கறது வழிவழியா வர்ற நம்பிக்கை. போர்த்துகீசியர்கள் 16ஆம் நூற்றாண்டுல கல்லறை மேல சர்ச் கட்டுனாங்க, அவங்க வாய்ல சாவோ தோமே, நம்ம வாய்ல சாந்தோம். இப்ப நிக்குற வெள்ளைக் கட்டடம் பிரிட்டிஷ் காலத்துது, 1896ல முடிஞ்சது. 1956ல பசிலிக்கா ஆச்சு, அதாவது போப் குடுக்குற சிறப்பு அந்தஸ்து. 1986 பிப்ரவரி 5 அன்னைக்கு போப் ரெண்டாம் ஜான் பால் வந்து ஜெபம் பண்ணிட்டுப் போனார், எங்க அம்மா அப்ப ரோட்டோரம் நின்னு பாத்தவங்க, அந்தக் கதையை நான் நூறு தடவை கேட்டாச்சு. எலும்புகள்ல பெரும்பகுதி இப்ப இத்தாலில ஓர்த்தோனாங்கற ஊர்ல இருக்கு, 1258ல அங்க போய்ச் சேர்ந்ததா சொல்றாங்க. "அவரும் ஃபாரின்ல செட்டில் ஆயிட்டார்"னு என் தம்பி சொல்லி அம்மாகிட்ட திட்டு வாங்குனான்.

மேல சர்ச்சுக்குள்ள மூணு விஷயம் விடாதீங்க. ஒண்ணு, தோமா இயேசுவோட காயத்தைத் தொட்டுப் பாக்குற கலர் கண்ணாடி ஜன்னல். ரெண்டாவது மயிலை மாதா சொரூபம், மரத்துல செஞ்சது, போர்த்துகல்ல இருந்து வந்தது, பிரான்சிஸ் சவேரியார் 1545ல இங்க தங்குனப்ப இந்த மாதா முன்னாடி தான் ஜெபம் பண்ணுவாராம். மூணாவது தாமரை மேல நிக்குற இயேசு, ரெண்டு பக்கமும் மயில். மயிலாப்பூர்ல மயில் இல்லாமயா?

அப்புறம் பின்னாடி கடல் பக்கம் ஒரு மரக்கம்பம் நிக்கும், தோமையார் கம்பம். இதைத் தாண்டி கடல் வராதுன்னு அவர் நட்டதா ஊர் நம்பிக்கை. 2004 சுனாமில சர்ச்சுக்கு ஒண்ணும் ஆகல, அதுக்கப்புறம் இதைத் தேடி வர்றவங்க ஜாஸ்தி ஆயிட்டாங்க.

எப்போ போறது? வார நாள்ல காலைல சீக்கிரம், இல்லன்னா வெயில் இறங்குனப்புறம் சாயங்காலம். மத்தியானம் வேண்டவே வேண்டாம், வெயிலும் டூரிஸ்ட் பஸ்ஸும் ஒண்ணா வரும். பூசை தமிழ்லயும் இங்கிலீஷ்லயும் இருக்கு, நேரம் மாறும், அதனால முந்தின நாள் சர்ச் ஆபீஸ்ல ஃபோன் போட்டுக் கேட்டுக்கோங்க. உங்க பசங்களுக்கு தமிழ் பூசை புரியாதுன்னு இங்கிலீஷ் பூசைக்குக் கூட்டிட்டுப் போகாதீங்க, எல்லாரும் சேர்ந்து பாடுறதைக் கேக்கவாவது தமிழ் பூசைக்குப் போங்க. ஜூலை 3 தோமையார் திருநாள், கிறிஸ்துமஸ் ராத்திரியும் அப்படித்தான், கூட்டம் தாங்காது. உள்ள போக டிக்கெட் எல்லாம் கிடையாது. ஷார்ட்ஸ், ஸ்லீவ்லெஸ் வேணாம், ஹோட்டல் நீச்சல் குளத்துல இருந்து நேரா வந்த மாதிரி ரெண்டு பேரைப் பாத்தேன், நம்ம ஆளுங்க தான், எனக்குத்தான் கூச்சமா போச்சு. செருப்பு விஷயத்துல மத்தவங்க என்ன பண்றாங்களோ அதையே பண்ணுங்க.

சரி, ஹோட்டல். சர்ச்சுக்குக் கிட்டன்னா எம்ஆர்சி நகர்ல லீலா பேலஸ் இருக்கு, கடலைப் பாத்தாப்ல, சாந்தோம் ரொம்ப தூரம் இல்ல. கிண்டில ஐடிசி கிராண்ட் சோழா, அங்க தங்குனா தோமையார் சம்பந்தப்பட்ட சின்னமலையும் பரங்கிமலையும் பக்கம். பழைய காலத்து கட்டடம் பிடிக்கும்னா பின்னி ரோடு கன்னிமாரா. எது எடுத்தாலும் ஒரு நாள் வாடகை 7500 ரூபாய்க்கு மேல போனா 18 சதவீதம் ஜிஎஸ்டி சேரும், வெப்சைட்ல முதல்ல காட்டுற ரேட்டைப் பாத்து சந்தோஷப்பட்டுடாதீங்க. நம்ம ஃப்ளைட் எல்லாம் விடியக்காலைல தான் இறங்கும், செக் இன் மத்தியானம் தான், அதனால முந்தின ராத்திரிக்கும் சேர்த்து புக் பண்ணுங்க, இல்லன்னா எர்லி செக் இன் எழுத்துல வாங்கிக்கோங்க. எங்களுக்கு "பாத்துக்கலாம் சார்"னு ஃபோன்ல சொன்னாங்க, போனா ரூம் ரெடி இல்ல, அம்மா லாபி சோஃபால காலை நீட்டிக்கிட்டு அஞ்சு மணி நேரம் உக்காந்திருந்தாங்க. வெளிநாட்டு பாஸ்போர்ட்னா எல்லாரோட பாஸ்போர்ட்டும் விசா இல்லன்னா ஓசிஐ கார்டும் (வெளிநாட்டுக் குடியுரிமை வாங்குன இந்திய வம்சாவளிக்காரங்களுக்குக் குடுக்குறது) குழந்தை உட்பட கேப்பாங்க, தங்குறவங்க விவரத்தை ஹோட்டல்காரங்க 24 மணி நேரத்துக்குள்ள அரசாங்கத்துக்கு அனுப்பணும், அவங்க மேல கோவப்பட்டு பிரயோஜனம் இல்ல.

ரெண்டாவது தடவை ஹோட்டல் கார் வேணாம்னு ஆப்ல ஆட்டோ போட்டேன். ஆட்டோ பெரும்பாலும் போர்ட்டிகோ வரைக்கும் வராது, கேட்லயே நிறுத்திடுவாங்க, வயசானவங்க இருந்தா காரா புக் பண்றது நல்லது. சாந்தோம் ஹை ரோடு எப்பவுமே நெரிசல், மெட்ரோ வேலையால வழியும் மாத்தி மாத்தி விடுறாங்க, அரை மணி நேரம் கூடவே வச்சுக்கோங்க. டிரைவரை "வெயிட் பண்ணுங்க"ன்னு நிறுத்தாதீங்க, நிறுத்துனா மனசு வாட்ச்லயே இருக்கும். அனுப்பிட்டோம், அம்மா மூணு மணி நேரம் இருந்தாங்க, ஜெபமாலை ரெண்டு தடவை முடிஞ்சது.

நேரம் மிச்சம் இருந்தா லஸ் சர்ச் போங்க, ஊர்ல காட்டுக்கோயில்னு சொல்வாங்க, 1516ல கட்டுனது, சாந்தோமை விட சின்னது, எனக்கு அதுதான் ஜாஸ்தி பிடிக்கும். அங்க இருந்து மாட வீதி பக்கம், டிபனுக்கு கற்பகாம்பாள் மெஸ்.

பரங்கிமலையை ஊருக்குத் திரும்புற நாளைக்கு வைங்க, ஏர்போர்ட் போற வழி. 1547ல தோண்டுனப்ப கிடைச்ச கல்சிலுவை மலை மேல இருக்குற சர்ச் பலிபீடத்துல இருக்கு, அதுல பஹ்லவிங்கற பழைய பாரசீக எழுத்து. படிக்கட்டு அர்மீனிய வியாபாரி பெட்ரஸ் உஸ்கான் போட்டுக் குடுத்தது, ஆனா பின்பக்கம் கார் மேல வரைக்கும் போகும், அம்மாவை அப்படித்தான் ஏத்துனேன். பெட்டி எல்லாம் டிக்கில இருந்தது. சுவர்கிட்ட நின்னா கீழ ரன்வே தெரியுது, ஒரு ஃப்ளைட் மெதுவா இறங்கிட்டு இருந்தது, அம்மா கேட்டாங்க, "நம்மளுது எத்தனை மணிக்குடா?"