சேலத்து வெயிலில் இகுவானா முட்டைகளைப் பொரிக்க வைத்தல்

வீட்டில் வளரும் பச்சை இகுவானா என்னும் இலையுண்ணும் பெரிய பல்லியினம் மாசி, பங்குனியில் முட்டையிட்டால், ஏறத்தாழ 70 முதல் 90 நாட்கள் நீளும் அடைகாலத்தின் பெரும்பகுதி சித்திரை, வைகாசி வெயிலில்தான் கழியும். குளிர்நாட்டுக் குறிப்புகள் முட்டையைச் சூடாக வைத்திருக்கும் வழியைச் சொல்கின்றன; சேலத்துக்காரருக்கோ சூடேறாமல் காப்பதே பெரும்பாடு. வேண்டிய வெப்பம் 29 முதல் 31 டிகிரி செல்சியஸ் வரைதான். 33 டிகிரியைத் தாண்டிப் பல நாட்கள் நீடித்தால் கரு முட்டைக்குள்ளேயே இறந்துவிடக்கூடும்.

தாய் முட்டையிட்டுக் குழியை மூடிய பிறகு, வயிறு ஒட்டியிருப்பதைப் பார்த்துவிட்டு, மண்ணைக் கையால் மெல்ல விலக்கவும். ஒவ்வொரு முட்டையின் மேற்புறத்திலும் பென்சிலால் ஒரு கோடிட்டு, அதே பக்கம் மேலிருக்கும்படியே எடுத்து வைக்க வேண்டும். கோழி முட்டையைப்போல் திருப்பி வைக்கும் பழக்கம் இங்கே ஆகாது. இட்ட ஓரிரு நாட்களுக்குள் கரு ஓட்டின் உட்புறத்தில் ஒட்டிக்கொள்வதால், அதன்பின் புரட்டினால் அது பிழைப்பது அரிது. ஒன்றோடொன்று ஒட்டிய முட்டைகளைப் பிரிக்காமல் அப்படியே வைக்கலாம்.

நர்சரிகளில் செடிகளுக்காக விற்கும், ஈரத்தைப் பிடித்துவைக்கும் கனிமத் துகளான வெர்மிகுலைட்டை எடை போட்டு, அதே எடைக்குத் தண்ணீர் சேர்த்துப் பிசையவும். கைப்பிடி அள்ளி இறுக்கிப் பிழிந்தால் சொட்டு நீர் வடியக் கூடாது. விரலைத் திறந்தால் உருண்டை உடையாமல் நிற்க வேண்டும். மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் இதைப் பரப்பி, முட்டைகளைப் பாதி புதைய வைத்து, டப்பாவின் ஓரங்களில் நான்கைந்து ஊசித்துளைகள் இடவும். மீன் கடைக்காரர்கள் பயன்படுத்தும் தெர்மோகோல் பெட்டியில் நான்கு விரல் உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றி, மீன் தொட்டி ஹீட்டரை மூழ்கவைத்து, செங்கல் மேல் டப்பாவை வைத்தால் இன்குபேட்டர் தயார். மின்சாரம் போனாலும் அந்தத் தண்ணீர் சில மணி நேரம் சூட்டைத் தாங்கிக்கொள்ளும். டப்பாவின் மூடியைச் சற்றுச் சாய்வாகப் பொருத்துவது அவசியம். என் முதல் முயற்சியில் அதைச் செய்யாமல் விட்டதால், மூடியில் திரண்ட நீர் ஒரே மூலையில் சொட்டி, அங்கிருந்த மூன்று முட்டைகளும் பூஞ்சை பிடித்து வீணாயின.

ஹீட்டர் சூடேற்றுமே தவிரக் குளிர்விக்காது. மொட்டைமாடிக்கு அடியில் உள்ள அறை இரவிலும் அனலடிக்கும் என்பதால், பெட்டியைக் கீழ்த்தளத்தில், மேற்குச் சுவரைத் தொடாமல் வைக்கவும். வெப்பமானியின் உணர்முனை முட்டைகளுக்கு நடுவே இருக்கட்டும். 31 டிகிரியைக் கடந்தால், உறையவைத்த சிறிய தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பெட்டியின் தண்ணீரில் மிதக்கவிடலாம். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் உள்ள ஏற்காட்டில் நிலைமை நேர்மாறானது: அங்கே ஹீட்டர் பகலிலும் ஓட வேண்டியிருக்கும். குளிர்ச்சியை நம்பி முட்டைகளை நடுவில் மலைக்குக் கொண்டுபோவது நல்ல யோசனை அன்று. இருபது கொண்டை ஊசி வளைவுகளின் குலுக்கல் அவற்றுக்கு ஒத்துவராது.

வாரம் இருமுறை மூடியைச் சிறிது நேரம் திறந்து காற்று மாறவிடவும். இருட்டறையில் முட்டையின் கீழே டார்ச் பிடித்தால், உயிருள்ளதில் சிவந்த ரத்த நாளங்கள் தெரியும். மஞ்சளாகச் சுருங்கி நாறுவதை அகற்றிவிடலாம். நல்ல முட்டை ஈரத்தை உறிஞ்சி நாளுக்கு நாள் பருக்கும். கடைசி நாட்களில் அது குழிவிழுவதும் மேலே நீர்த்துளி அரும்புவதும் பொரிக்கப்போவதற்கான அறிகுறிகள்.

ஓட்டைக் கிழித்துத் தலையை நீட்டிய குஞ்சு, ஒரு நாளோ அதற்கு மேலோ அப்படியே கிடக்கும். எஞ்சிய மஞ்சள் கருவை அது உள்வாங்கும் நேரம் அது. பிடித்து இழுத்தால் தொப்புள் கிழிந்து இறந்துவிடும். தானாக வெளிவந்ததும், தொப்புள் மூடும்வரை ஈரமான டிஷ்யூ காகிதம் விரித்த டப்பாவில் விடவும். பிறகு முருங்கைக்கீரை, செம்பருத்தி இலை ஆகியவற்றைப் பொடியாக நறுக்கி வைக்கலாம். இகுவானா, அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் (CITES) ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருப்பதால், 2022-ல் திருத்தப்பட்ட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி தாயை மட்டுமன்றிப் பிறந்த குஞ்சுகளையும் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும்.