பழைய வீட்டை அளக்கப் போகிறீர்களா?

பி.ஆர்க், அதாவது கட்டடக்கலைப் பட்டம், ஐந்து வருடப் படிப்பு. நாட்டா நுழைவுத் தேர்வு மதிப்பெண் பற்றிய பேச்செல்லாம் முதல் மாதத்தோடு சரி. ஒரு பழைய வீட்டை அளந்து வரைந்து வரச் சொல்லி அனுப்புவார்கள் பாருங்கள், நான் உருப்படியாகக் கற்றது அங்கேதான். எங்களுக்குக் கிடைத்தது காரைக்குடிப் பக்கம் ஒரு செட்டிநாட்டு வீடு.

டேப்பைத் தொடுவதற்கு முன் வீட்டை ஒரு சுற்று சுற்றிவந்து, கையாலேயே பிளான் போட்டுக்கொள்ளுங்கள். பெரிதாகப் போடுங்கள், எண்கள் எழுத இடம் வேண்டும். ஆள் மூன்று பேர்: நுனியைப் பிடிக்க ஒருவர், படிக்க ஒருவர், எழுத ஒருவர். எழுதுகிறவர் எண்ணைத் திருப்பிச் சொல்ல வேண்டும். முற்றத்தில் நின்று கத்தினால் அறுபதும் எழுபதும் ஒன்றுபோலத்தான் கேட்கும்.

தூணுக்குத் தூண் தனித்தனியாக அளந்து கூட்டாதீர்கள். நுனியை ஒரு மூலையில் வைத்துவிட்டு, நகர்த்தாமல் வரிசையாகப் படியுங்கள். நான் துண்டுதுண்டாக அளந்தேன். கூட்டினால் முற்றத்தின் ஒரு பக்கம் அரை அடி வளர்ந்திருந்தது!

அப்புறம் மூலைவிட்டம். அறை 12க்கு 16 அடி என்றால் அது 20 வர வேண்டும். வராவிட்டால் மூலை கோணல், கோணலாகவே வரையுங்கள். சந்தேகம் வந்தால் தரையைப் பாருங்கள்: அதில் பதித்த ஓர் ஆத்தங்குடிக் கல்லை (டைல்) அளந்து, வரிசையை எண்ணிப் பெருக்கினால் போதும்.

அன்றிரவே வரைந்துவிடுங்கள். நாங்கள் சென்னை வந்துதான் வரைய உட்கார்ந்தோம். திண்ணை உயரம் எந்தத் தாளிலும் இல்லை. மறுபடி பஸ் ஏறினேன், ஒரே ஒரு எண்ணுக்காக.