ஊர்க் கணக்கைச் சுவரில் எழுதுவது எப்படி?

ராஜஸ்தானின் கோட் கிரானா கிராமத்தில், 1994 டிசம்பரில், மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற தொழிலாளர், விவசாயிகள் அமைப்பு தன் முதல் மக்கள் விசாரணையை நடத்தியபோது, பொதுப்பணிகளின் பதிவேடுகள் ஊரார் முன்னிலையில் உரக்க வாசிக்கப்பட்டன. மொத்தச் செலவு இத்தனை லட்சம் என்றால் எவராலும் மறுக்க இயலாது. தம் பெயருக்கு நேரே எத்தனை நாள் வேலை எழுதப்பட்டிருக்கிறது என்று அறிந்தவரே அது பொய் என எழுந்து சொல்ல முடியும். அவ்வாறு சொல்ல வைக்கும் சுவரைத்தான் நாம் அமைக்க வேண்டும்.

வருகைப் பதிவேடு, பொருள் வாங்கிய ரசீதுகள், முடிந்த வேலையின் அளவுகளைப் பதியும் அளவுப் புத்தகம் ஆகிய மூன்றின் நகல்களையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் சேர்த்தே கேளுங்கள். ஒன்று மட்டும் கிடைத்தால் ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லை. பணி நடந்த இடத்தைப் பார்வையிடும் உரிமையையும் அச்சட்டத்தின் பிரிவு 2(j) தருவதால், சாலையை நீங்களே அளந்து, ரசீதில் உள்ள சிமென்ட் மூட்டைகளின் எண்ணிக்கைக்குப் பக்கத்தில் அந்த நீளத்தையும் எழுதலாம்.

அலுவலகம் வேலைவாரியாக வைத்திருக்கும் கணக்கைத் தெருவாரியாகவும் பெயர்வாரியாகவும் மாற்றி அடுக்குவதே இப்பணியின் உயிர்நாடி. பெயர், வேலை, பதிவான நாள்கள், வழங்கியதாகப் பதிவான கூலி என நான்கு நெடுவரிசைகள் போதும். 'பதிவான' என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். ஆவணம் சொல்வதைத்தான் சுவர் சொல்கிறது, யார்மீதும் அது குற்றம் சாட்டவில்லை. ஒரே பெயரில் பலர் இருந்தால் தந்தை பெயரைச் சேருங்கள். வங்கிக் கணக்கு எண்ணும் ஆதார் எண்ணும் சுவரில் இடம்பெறவே கூடாது. செலவை வட்டத்தின் துண்டுகளாகப் பிரித்துக் காட்டும் படம் இங்கே வீண் அலங்காரம் என்பது என் கருத்து, ஏனெனில் அதில் எவரும் தம்மைத் தேடிக் கண்டுபிடிக்க இயலாது.

மக்கள் காத்து நிற்கும் நியாயவிலைக் கடையின் பக்கச் சுவர் பொருத்தமானது. பத்தடி தொலைவுக்கு ஓர் அங்குல எழுத்து என்பது பலகை எழுதுவோரின் பொதுக்கணக்கு. வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்து போதும். சுவர் தர அதிகாரி தயங்கினால், தகவலைப் பரப்பும் வழிகளுள் அறிவிப்புப் பலகையையும் பொது அறிவிப்பையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் பிரிவு 4 குறிப்பிடுவதையும், உள்ளூர் மொழியைக் கருத்தில் கொள்ளச் சொல்வதையும் எடுத்துக்காட்டலாம். படிக்கத் தெரியாதவர்களுக்காக ஒரு மாலை முழுப் பட்டியலையும் வாசித்துக் காட்டுங்கள்.

மூலையில் ஆவணத்தின் தேதி, அதை வழங்கிய அலுவலகம், திருத்தம் சொல்ல வேண்டிய இடம் ஆகியவற்றை எழுதுங்கள். நகலெடுக்கும்போது பிழை நேர்ந்திருந்தால், பழைய எண் தெரியும்படி ஒரு கோடிட்டு அடித்து, சரியான எண்ணைத் தேதியுடன் பக்கத்தில் எழுதுங்கள்.